மாசாயில் விழுந்த பள்ளம்

"செத்தவங்க வீட்டுக்கு விசாரிக்கப் போனா, முதல்ல எதைப் பார்ப்ப?"

பேச்சியம்மாளிடம் முன்பு ஒருவர் கேட்ட கேள்வி இது. கேட்டவர் குளுவாங்கில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் மேலாளர். உயிரோடு இருக்கிறவனைச் செத்துவிட்டதாகக் காட்டிப் பணம் கறக்கும் குடும்பங்களைக் கண்டுபிடிக்க அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. "பக்கத்து வீட்டைப் பார்ப்பேன் சார்" என்றாள் பேச்சி. அவர் ஏனென்று கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே வேலையைக் கொடுத்தார்.

அந்த வேலையை விட்டு, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்து, அதற்கு யுகேந்திரன் என்ற வாயாடி உதவியாளனும் வந்து சேர்ந்த பிறகும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. இருப்புக்கொள்ளாத நேரங்களில் வந்து தோளைத் தட்டும். இன்று காலை ஜொகூர் பாருவில், மூன்றாம் மாடிக் கண்ணாடி அறையில், காசிவிஸ்வநாதன் பேசிக்கொண்டிருந்தபோதும் தட்டியது.

காசிவிஸ்வநாதன் 'செவிச்செல்வம்' செயலியின் முதலாளி. கைப்பேசியில் தமிழ்ப் பாட்டும் கதையும் கேட்க மாதச் சந்தா வாங்கும் நிறுவனம் அது. தாத்தா காலத்தில் வட்டிக்கடை, அப்பா காலத்தில் துணிக்கடை. இவர் காற்றிலேயே கடை போட்டிருந்தார்.

"ரொம்ப சிம்பிள் பேச்சிம்மா," என்றார். "சந்தாக் காசு எல்லாம் ஒரே பானையில விழும். எங்க பங்கை எடுத்துட்டு மிச்சத்தைப் பிரிச்சுக் குடுப்போம். யார் குரலை ஜனங்க எவ்வளவு நேரம் கேட்டாங்களோ, அவங்களுக்கு அவ்வளவு."

"ஒரே பானை, பல கரண்டி," என்றான் யுகேந்திரன். "பெரிய கரண்டிக்காரன் கறியை அள்ளிட்டா மத்தவனுக்கு வெறும் குழம்பு."

"தம்பி கரெக்டா பிடிச்சிட்டாரு."

"சாப்பாட்டுக் கதைன்னா பிடிச்சிடுவான்," என்றாள் பேச்சி. சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டே எழுந்து நடந்தாள். அவளால் இரண்டு பேச்சுக்கு மேல் ஒரே நாற்காலியில் உட்கார முடியாது. "கள்ளக் கரண்டி யாரு?"

காசிவிஸ்வநாதன் சுவரைக் காட்டினார். சுவர் முழுக்க ஒரு திரை. அதில் மலையும் மேடுமாகப் பல நிறக் கோடுகள். போன மாதம் எந்த ஊரில், எந்த நிகழ்ச்சியை, எத்தனை பேர் கேட்டார்கள் என்பது ஓடிக்கொண்டிருந்தது.

"சிவப்புக் கோடு பிரேமலா. மாசாய்ல ஒரு பிளாட்டுல இருக்கு அந்தப் பொண்ணு. 'பாலத்துக்கு அந்தப் பக்கம்'னு ஒரு தொடர்கதை. தானே எழுதி, தானே பேசுது. அதைக் கேக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் அதே பிளாட்டு. எல்லாக் கணக்கும் ஒரே நாள்ல திறந்தது. எல்லாம் விடிகாலையில ஒரே நேரத்துல ஓட ஆரம்பிக்குது. ஒருத்தர்கூட விளம்பரத்தைத் தள்ளி விடலை. மனுசன் விளம்பரத்தைத் தள்ளாம கேப்பானா?"

"நான் எங்கம்மா போனையே தள்ளி விடுவேன்," என்றான் யுகேந்திரன்.

"அதான் தம்பி. ஒரு ரூம்ல பழைய போனா அடுக்கி வச்சு, தன் கதையைத் தானே ஓட விடுது. கடைசியா இதைப் பாருங்க." சிவப்பு மலையின் நடுவே யாரோ மண்வெட்டியால் வெட்டி எடுத்தது போல ஒரு பள்ளம். "மூணு நாள் மொத்தமா நின்னு போச்சு. பிறகு மொத்தமா வந்துச்சு. மிஷின் கெட்டுப்போய் ரிப்பேர் பண்ணியிருக்கு. மனுசங்க ஒண்ணா சேர்ந்து காதை மூடிக்குவாங்களா?"

பள்ளத்தின் மேலேயே தண்டவாளம் போல நேராக அதே மாசாய்க் கணக்கில் ஒரு நீலக் கோடு ஓடியது. அது என்னவென்று பேச்சி கேட்டாள்.

"அது எங்க சொந்தத் தயாரிப்பு. மழைச் சத்தம், தூக்கத்துக்குப் புல்லாங்குழல். இதுக்கு யாருக்கும் பங்கு தர வேண்டாம். பானையில எங்க கரண்டியும் ஒண்ணு. இந்தத் தொழிலுக்கு எதிர்காலமே அதுதான். அடுத்தவன் குரலை வாடகைக்கு எடுத்து ஓட்டினா என்னைக்கும் வாடகை வீடுதானே."

நாளைக்குச் சிங்கப்பூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், கம்பெனியை வாங்க. மாசாயில் ஏதோ சரியில்லை என்று அவர்களே மோப்பம் பிடித்திருந்தார்கள். வெளியாள் ஒருவர் விசாரித்து எழுதித் தரவேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். அதற்குத்தான் பேச்சி.

"அஞ்சு மணிக்கு அந்தப் பொண்ணையும் வரச் சொல்லியிருக்கேன். நீங்க எழுதினதும் கதையை எடுத்துட்டு, மோசடி பண்ணினவங்கன்னு செயலியில பேரைப் போட்டுடுவேன்."

"நீங்க அந்த பிளாட்டுக்குப் போயிருக்கீங்களா?"

"நானா? மாசாய்ல எனக்கு என்னம்மா வேலை." வாசல் வரை வந்து அன்பாக வழியனுப்பினார். "அந்தப் பொண்ணு வீடு ரெண்டாம் மாடி, படியிலேயே ஏறிடுங்க. அந்த லிப்டை நம்பாதீங்க, நாலாம் மாடியில நிக்கவே நிக்காது."

யுகேந்திரன் கைப்பேசியைத் தூக்கி, முதலாளியையும் திரையையும் பின்னால் விட்டு, பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டான்.

"எதுக்குடா?" என்றாள் பேச்சி படியில்.

"பணக்காரங்களோட நான் நிக்கிற படம் எதுவும் இல்லக்கா. பொண்ணு வீட்டுக்காரங்க கேக்கிறாங்க."

பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் லாரிகள் நகர மறுத்தன. வானம் இருட்டிக்கொண்டு மழை வராமல் புழுங்கியது. பேச்சி கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள்.

"அக்கா, கண்ணாடிக்கு வயசாயிடுச்சு. அதை விட்டுட்டு என்னை அடிங்க," என்றான் யுகேந்திரன். "எனக்கு என்னமோ அந்தப் பொண்ணுதான்னு படுது. எல்லாம் பொருந்துது."

"அதான் அரிக்குது. கேட்டது ஒண்ணு, அவரே கொண்டுவந்து கொட்டினது நாலு."

மாசாய் பிளாட்டின் கீழே மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. பாதி வண்டியில் ஒரே மாதிரி மஞ்சள் குடை செருகியிருந்தது. பேச்சி அவற்றைப் பார்த்துக்கொண்டே படியேறினாள்.

பிரேமலா முப்பதைத் தொடாதவள். அவளுடைய ஒலிப்பதிவுக் கூடம் ஒரு துணி அலமாரி. உள்ளே கம்பளியைத் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை நிறுத்தியிருந்தாள். யுகேந்திரன் தலையை உள்ளே விட்டுப் பார்த்தான்.

"அலமாக். இங்க உக்காந்து பேசினா குரல் வராது, ஆவிதான் வரும்."

அவள் சிரிக்கவில்லை. பேச்சியைப் பார்த்தாள். "ஃபேக்டரியை விட்டுட்டுத்தான்கா இதுல இறங்கினேன். என்கிட்ட இருக்கிறது ஒரு போனு. அதுவும் ஸ்கிரீன் உடைஞ்சது. யார் கேக்கிறாங்க, எப்ப கேக்கிறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? கதை போனாப் போகட்டும். கள்ளின்னு பேரைப் போட்டுட்டா? இந்த பிளாட்டுல எந்தக் கதவைத் தாண்டி நான் கீழ போவேன்?"

அவள் குரலில் ஒரு தனி வாகு இருந்தது. சாதாரணப் பேச்சே காதுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. பேச்சி வீட்டைச் சுற்றி ஒரு கண் விட்டாள். போன்களை அடுக்க இடமில்லை. சுவரில் இருந்த ஒரே மின் இணைப்பில் சோறாக்கும் மின்பானை சொருகியிருந்தது.

"அஞ்சு மணிக்கு வந்துடு," என்றாள் பேச்சி. "வாயைத் திறக்காத. நான் பேசறேன்."

கீழே குழாயடியில் ஒரு பெண் தலைக்கவசத்தைக் கவிழ்த்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொர்ணம் என்று பெயர். சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. முதுகுவலி என்று இன்று மருத்துவ விடுப்பு. தலைக்கவசத்தின் உள்ளிருந்து இரண்டு சின்ன ஒலிபெருக்கிகள் கம்பியோடு வெளியே தொங்கின.

"இது என்னக்கா, ஹெல்மெட்டுக்குக் குடல் வெளிய வந்திருக்கு?" என்றான் யுகேந்திரன்.

"கதை கேக்க தம்பி. விடியறதுக்கு முன்னாடி கிளம்பினாத்தான் சிங்கப்பூர் பாலத்துல வரிசை பிடிக்க முடியும். கீழ ஒண்ணா சேருவோம், பிரேமலா கதையை அமுக்குவோம், மாட்டிக்கிட்டுக் கிளம்புவோம். கதை இல்லன்னா அந்த ஜாம்ல பைத்தியம் பிடிச்சிடும்லா."

"விளம்பரம் வந்தா?"

"கையில உறை, தலையில ஹெல்மெட், போன் பையில. எதைப் போய்த் தள்றது? பால் பவுடர் விளம்பரம் எனக்கு மனப்பாடம். எனக்குப் புள்ளையே இல்லை."

யுகேந்திரன் பேச்சியைத் திரும்பிப் பார்த்தான். பேச்சி மஞ்சள் குடையைக் காட்டினாள்.

"இதுவா? கோயில் திருவிழாவுல செவிச்செல்வம்காரங்க கடை போட்டாங்க. போன் கார்டு வாங்கினா ஆப் சந்தாவும் ஒரு வருசம் ஓசி, குடையும் ஓசி. மொத்த பிளாட்டும் போய் நின்னுச்சு. குடைக்குத்தான் போனோம், கதை ஒட்டிக்கிச்சு."

"அவங்களே ஒரே நாள்ல திறந்து விட்டுட்டு, ஏன் ஒரே நாள்ல திறந்தேன்னு கேக்கிறாங்க," என்றான் யுகேந்திரன் மெதுவாக. "நல்ல கம்பெனி."

பேச்சிக்கு இன்னும் நிலைகொள்ளவில்லை. காசிவிஸ்வநாதன் கொட்டிய நாலில் மூன்றுக்கு விடை கிடைத்துவிட்டது. பள்ளம் மட்டும் பாக்கி நின்றது. "போன மாசம் கதையை மூணு நாள் யாருமே கேக்கலையாமே?"

சொர்ணத்தின் கை துடைப்பதை நிறுத்தியது.

"மணியம் அண்ணன் தவறிட்டாரு. மூணாம் மாடி. எங்க வரிசையில அவரு மோட்டார்தான் எப்பவும் முன்னால போகும். எழவு விழுந்த பிளாட்டுல யாராவது பாட்டு, கதைன்னு வைப்பாங்களா? தூக்கிட்டுப் போயி, மூணாம் நாள் பால் தெளிக்கிற வரைக்கும் மலாய்க்கார வீட்டுலகூட டிவி சத்தம் வரல. காதுக்குள்ள மட்டும்தான் கேக்கும்னு வச்சுக்குங்க. இருந்தாலும் முன்னால அந்த மோட்டார் இல்லையே. எப்படிக் கேக்க மனசு வரும்?"

பேச்சியின் விரலில் சாவிக்கொத்து நின்றுவிட்டிருந்தது. அதைப் பார்த்ததும் யுகேந்திரனுக்குப் புரிந்தது: அக்கா எதையோ பிடித்துவிட்டாள்.

"யுகா, காலையில எடுத்த படத்தைக் காட்டு."

அவன் காட்டினான். பேச்சி அவன் பல்லை விலக்கிவிட்டுப் பின்னால் இருந்த திரையைப் பெரிதாக்கினாள். பிறகு முதலாளியின் முகத்தைப் பெரிதாக்கிச் சொர்ணத்திடம் நீட்டினாள். சொர்ணம் பார்த்ததும் ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டு மேலே கை காட்டினாள்.

லிப்ட் நாலாம் மாடியைத் தொடாமல் ஐந்துக்குப் போனது. ஒரு மாடி இறங்கினார்கள். நடைபாதையில் எல்லா வாசலிலும் செருப்பு, செடி, பிள்ளைகளின் சைக்கிள். கடைசி வீட்டு வாசலில் மட்டும் எதுவும் இல்லை. ஆனால் அதன் குளிரூட்டி வெளியே சொட்டிக்கொண்டே இருந்தது. யுகேந்திரன் குனிந்து கதவின் அடியில் கை வைத்தான்.

"செருப்பு இல்லாத ஆளுக்கு இவ்வளவு குளிர் எதுக்குக்கா? உள்ள ஐஸ்கிரீமா குடியிருக்குது?"

"சூடாகிற சாமான் குடியிருக்குது," என்றாள் பேச்சி. அங்கிருந்தே காசிவிஸ்வநாதனுக்கு அழைத்தாள். "சார், வந்துக்கிட்டே இருக்கோம். அந்தத் திரையில நீலக் கோட்டை இன்னொரு தடவை பார்க்கணும். அவ்வளவுதான்."

அவர்கள் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடி அறையில் பிரேமலா தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். சுவர் கறுப்பாக இருந்தது.

"திரை கோளாறு பேச்சிம்மா," என்றார் காசிவிஸ்வநாதன். "மத்தியானத்துல இருந்து."

"நான் போன் பண்ணின பிறகா, முன்னாடியா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எழுதிட்டீங்களா?"

"எழுதணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன்." பேச்சி உட்காரவில்லை. "நான் காப்புறுதியில சாவு விசாரிச்சவ. செத்த வீட்டுக்குப் போனா அங்க ஒண்ணும் தெரியாது. அழத் தெரிஞ்சவங்க அழுவாங்க. பக்கத்து வீட்டைத்தான் பார்க்கணும். டிவி அணைஞ்சிருந்தா சாவு நெசம். நீங்க மிஷின் கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களே மூணு நாள், அது மணியம்னு ஒருத்தரோட எழவு. மொத்த பிளாட்டும் காதை மூடிக்கிச்சு. ஒண்ணா சேர்ந்து நிறுத்தினதாலதான் சார் அவங்க மனுசங்க."

பிரேமலாவின் விரல்கள் தலைக்கவசத்தின் விளிம்பை இறுக்கின.

"சரி," என்றார் அவர். "அப்படின்னா நல்லதுதானே. சந்தோசம்."

"யுகா, படம்."

யுகேந்திரன் கைப்பேசியை மேசைமேல் வைத்தான். "என் மூஞ்சியைப் பார்க்காதீங்க சார், பின்னால பாருங்க. சிவப்பு எல்லாம் குழியில விழுந்து கிடக்கு. அதே ஊரு, அதே மூணு நாளு, உங்க மழை மட்டும் நிக்காம பேஞ்சிருக்கு. கொஞ்சம்கூடத் தூறல் குறையல."

"அந்த பிளாட்டுல நெசமாவே மனுசங்க உங்க மழையைக் கேட்டிருந்தா ஒருத்தராவது நிறுத்தியிருப்பாங்க," என்றாள் பேச்சி. "போனுக்கு மணியத்தைத் தெரியாது. நாலாம் மாடிக் கடைசி வீட்டுல அடுக்கி வச்சிருக்கிற போனுங்க. சொந்தத் தயாரிப்பை ஜனங்க எவ்வளவு கேக்கிறாங்கன்னுதானே வாங்க வர்றவங்க பார்ப்பாங்க? அதை ஏத்திக் காட்ட வச்சது. மாசாய்ல ஏதோ இருக்குன்னு அவங்க மோப்பம் பிடிச்சதும், ஒரு கள்ளன் வேணும். அதே பிளாட்டுல கூட்டம் சேர்த்து வச்சிருக்கு இந்தப் பொண்ணு. தோதா இருந்துச்சு."

"அந்த வீட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நான் அங்க போனதே இல்லைன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. அடுத்த மூச்சுல லிப்ட் நாலாம் மாடியில நிக்காதுன்னும் சொன்னீங்க. ரெண்டாம் மாடிக்குப் போறவளுக்கு நாலைப் பத்தி எதுக்குக் கவலை? ஏறி இறங்கி மூச்சு வாங்கினவருக்குத்தான் அது மறக்காது."

"கீழ ஒரு அக்கா உங்க படத்தைப் பார்த்துட்டு என்ன சொன்னாங்க தெரியுமா சார்?" என்றான் யுகேந்திரன். "'அட, படிக்கட்டுல உக்காந்து மூச்சு வாங்குவாரே, ஏர்கான் வீட்டுக்காரரு. எழவு அன்னைக்கும் வந்தாரு. ஆளுங்க உக்காந்திருக்காங்க, ஒரு வார்த்தை விசாரிக்காம மேல போயிட்டாரு'ன்னாங்க."

மழை கண்ணாடியில் அறைந்தது. காசிவிஸ்வநாதன் மேசைமேல் இருந்த படத்தைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மறுபடி வியாபாரி முகமாகியிருந்தது. அவர் பேச்சியிடம் பேசவில்லை. நாற்காலியைப் பிரேமலா பக்கம் திருப்பினார்.

"பாரும்மா. நான் செஞ்சது தப்புத்தான். ஆனா கம்பெனி நின்னா பானையும் போயிடும், எல்லார் கரண்டியும் போயிடும். உன் பேரைக் கெடுக்க மாட்டேன். மாறா முதல் பக்கத்துல வைக்கிறேன். உன் கதையை எங்க சொந்தத் தயாரிப்புன்னு மாத்திக்கலாம். மாசச் சம்பளம், நல்ல ஸ்டூடியோ. அலமாரிக்குள்ள உக்கார வேண்டாம். நாலாம் மாடி போனுங்க எல்லாம் உன் ரசிகர்களுக்குப் பரிசு குடுக்க வாங்கினதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. உன் குரல்ல. நாளைக்கு அவங்களுக்குப் போட்டுக் காட்டறேன்."

மேசைமேல் இருந்த மைக்கை அவள் முன்னால் நகர்த்தினார். பொத்தானை அமுக்கினார். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நீங்க எழுதித் தரலைன்னாலும் பரவாயில்லை பேச்சிம்மா," என்றார் திரும்பாமலே. "அதுவே சொல்லிட்டா உங்க எழுத்து எதுக்கு?"

பேச்சிக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. காலையில் அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. ஃபேக்டரியை விட்டுவிட்டேன் என்றது. அலமாரிக்குள் தொங்கிய கம்பளி நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்காதே என்று தான் சொன்னதும் நினைவுக்கு வந்தது. ஆனால் இப்போது அவள் திறந்தால் யார் தடுப்பது?

பிரேமலா மைக்குக்கு நேரே குனிந்தாள். மூச்சை இழுத்தாள். காசிவிஸ்வநாதனின் முகம் தளர்ந்து மலர்ந்தது.

அவள் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். எழவு வீட்டைத் தாண்டிப் போகிறவரைத் துக்கத்துக்கு வந்தவர்கள் பார்ப்பது போன்ற ஒரு பார்வை. எழுந்து தலைக்கவசத்தை எடுத்து மாட்டி, தாடைக்குக் கீழே வாரைப் பூட்டினாள். அந்தப் பூட்டு விழுந்த சத்தத்துக்குப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒலி அளவு காட்டும் முள் ஒரு முறை துள்ளி அடங்கியது. வந்தபோது தானே கதவருகே சாய்த்து வைத்த, செவிச்செல்வம் கொடுத்த மஞ்சள் குடையை அவள் தொடவில்லை.

கதவைத் திறந்து, படிக்கட்டில் இறங்கி மழைக்குள் போனாள்.